காய் வெந்த தண்ணீர்

பெங்களூர்
4 பிப்ரவரி 2007

அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்துப் பிரதி கூரியரில் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் ஹாஸ்டல் அறை முழுக்க வெந்தய வாசனை. அடுப்பு மேடையில் வைத்தே எழுதினீர்களா?

அண்ணன் டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் அவருக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்ததெல்லாம் ஒருநாள் புத்தகமாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ரெட்டியார்பாளையம் ராமதாஸ் சார் பதிப்பிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டது உங்கள் எழுத்துக்காகத்தான், எனக்காக அல்ல. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இங்கே கம்பெனியில் வெளிநாட்டுப் புத்தகங்களுக்குச் செய்கிற மாதிரி இந்தப் புத்தகத்தையும் செய்து பார்க்க விடுங்கள் என்றேன். சரி என்றுவிட்டார்.

என்ன வேலை என்று சொல்கிறேன். இதுவரை பக்கம் கட்டும்போது, இந்த வரி பெரிய எழுத்து, இந்த வரி சாய்வு என்று பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்வோம். இப்போது ஒவ்வொரு பத்தியும் என்ன என்று பெயரைச் சொல்லி முன்னும் பின்னும் குறி போடுகிறோம். எக்ஸ்எம்எல் என்பார்கள். பெயர் சொல்லிவிட்டால் போதும், ஒரே கோப்பிலிருந்து பெரிய புத்தகம், சட்டைப்பையில் வைக்கிற சின்னப் புத்தகம், நாளைக்கு இன்டர்நெட், எல்லாம் எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குச் சின்னதுதான் வேண்டும் என்று நீங்களே சொன்னீர்களே.

எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது இது. ஜெராக்ஸ் அனுப்புகிறேன். பத்திக்குப் பத்தி மார்ஜினில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதுங்கள். சமையலின் பெயரா, பொருளா, செய்முறையா, கதையா. நாலே வகை.

போனில் சொல்லியிருப்பேன். எடுப்பது அண்ணன். 'என்ன, என் கிட்னிய ஊருக்கே புக்கு போட்டு விக்கிறீங்களாமே ரெண்டு பேரும்' என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் போய்விடுகிறது.

பூர்ணிமா


நெல்லித்தோப்பு, புதுச்சேரி
12 பிப்ரவரி 2007

பூர்ணி,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். ஜெராக்ஸும் வந்தது. மார்ஜினில் நான் ஒரு எழுத்தும் எழுதப்போவதில்லை.

ஹோம் சயின்ஸ் டீச்சரிடம் வந்து பொருள், செய்முறை என்று பிரிக்கச் சொல்கிறாய். வருஷம் பூரா பிள்ளைகளை ரெக்கார்டு நோட்டில் அப்படித்தான் எழுத வைக்கிறேன். அப்படி எழுதியதை ஒருத்தியும் வீட்டில் போய்ச் சமைத்ததாகச் சரித்திரமில்லை. அதனால்தான் இதை வேறு மாதிரி எழுதினேன். நான் காய் நறுக்கும்போது உன் அண்ணன் வந்து எட்டிப் பார்ப்பார், ஏதாவது கேட்பார், நான் ஏதாவது சொல்வேன். அதுவும் சேர்ந்ததுதான் குழம்பு. அதை நாலு கூறு போடு என்றால் எனக்குக் கை வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தில் 'கூடாது' என்ற வார்த்தையை நீ தேடினாலும் கிடைக்காது. டாக்டர் கொடுத்த தாளில் அது கூடாது, இது கூடாது என்று மேலிருந்து கீழ்வரை அதுதான். அதைப் படித்தாலே மனுஷனுக்குப் பாதி உயிர் போய்விடும். கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் அம்மா எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. 'சாப்புடறவங்க எதிர்ல இல்ல, வேணாம், கூடாதுன்னு வாய்ல வரக் கூடாது சொர்ணம். அரிசி தீந்துபோனாக்கூட நிறைஞ்சிருக்குன்னு சொல்லு.' அத்தை போன பிறகும் நான் அதை விடவில்லை. உன் அண்ணன் எதிரில் இன்றுவரை சொன்னதில்லை. புத்தகத்திலும் சொல்ல மாட்டேன்.

எது சமையல், எது கதை என்று படித்தால் உனக்கே தெரியாதா? நீயே போட்டுக்கொள்.

அண்ணி


பெங்களூர்
25 மார்ச் 2007

அண்ணிக்கு,

முடித்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறி போட்டேன். ஹாஸ்டலில் எல்லோரும் சீரியல் பார்க்கும்போது நான் உங்கள் காரக்குழம்பைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

உதாரணத்துக்கு உருளைக்கிழங்கு காரக்குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீர் வைத்து அரை வேக்காடு வேகவிடவும்.' இது செய்முறை. அடுத்த பத்தி, 'இவர் அடுப்படிக்கே வந்து, அந்தத் தண்ணிய என்ன பண்ணப்போற என்று கேட்டார். செம்பருத்திச் செடி கேட்டுச்சு என்று சொல்லிக் கொல்லையில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன்.' இது கதை. அதற்கடுத்து, 'புளிக்கரைசல் கொதித்ததும் கிழங்கைச் சேர்க்கவும்.' மறுபடி செய்முறை. ஒரு இடத்தில்கூட எனக்குத் தடுமாற்றமே வரவில்லை. அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

பெரிய புத்தகத்தில் நாலு வகையும் வரும். சின்னதில் கதை வராது. இடமில்லை. கதையை விட்டுவிடு என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன், எல்லாக் கதையும் தானாக ஒதுங்கிக்கொண்டது. ராமதாஸ் சார் ஆபீசில் பக்கம் கட்டுகிற அபி போனில் கத்தியேவிட்டாள். பழைய முறையில் என்றால் சின்னப் புத்தகத்துக்கு அவள் முதல் வரியிலிருந்து மறுபடி கட்டியிருக்க வேண்டும். இப்போது ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டாள்.

இரண்டின் புரூஃபும் அபி வீட்டுக்கே கொண்டுவந்து தருவாள். பெரியதில் எழுத்துப்பிழை பார்த்தால் போதும். சின்னதை மட்டும் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அது முதன்முதலாகச் செய்கிற வேலை.

பூர்ணிமா


நெல்லித்தோப்பு
2 ஏப்ரல் 2007

பூர்ணி,

ரெண்டு வரிதான். பத்தாவது பேப்பர் கட்டு கட்டாக வந்து கிடக்கிறது. பெரிய புரூஃபை முழுக்கப் படித்தேன். திருத்தம் போட்டு அபியிடம் கொடுத்தாயிற்று. சின்னதைப் புரட்டிப் பார்த்தேன், அதே சமையல்தானே. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் அண்ணன் அட்டையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, 'சொர்ணம் வெற்றிவேல்னு போட்டாங்களே, எம் பேரு பின்னாடிதானா' என்கிறார். கேட்டால் சிரிப்பு வருகிறது.

அண்ணி


நெல்லித்தோப்பு
17 ஜூன் 2007

பூர்ணி,

புத்தகம் வந்த நாளிலிருந்து உன் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. முதலில் கிட்னியை விற்கிறாயா என்று கேட்ட மனுஷன், இப்போது சட்டைப்பையில் சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு டயாலிசிஸுக்குப் போகிறார். பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், நர்ஸ் எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது. 'எம் பொண்டாட்டி போட்டது. என் வயித்த வெச்சு டெஸ்ட் பண்ணது' என்கிறார்.

பக்கத்துக் கட்டில்காரர் சாமிக்கண்ணு. வீராம்பட்டினத்தில் படகு வைத்திருந்தவர், இப்போது கடலுக்குப் போவதில்லை. அவர் சம்சாரம் அன்னக்கிளி மீன் விற்கிறாள். பெரிய புத்தகம் தரட்டுமா என்றேன். 'பெரிசு எனக்கு எதுக்கு டீச்சர், சின்னது குடுங்க. கூடையில ஓரமா போட்டுக்குவேன், வியாபாரம் இல்லாதப்ப படிப்பேன்' என்றாள். நம் வீட்டில் இருந்த சின்னப் புத்தகம் மொத்தமும் அந்த ஆஸ்பத்திரி வார்டிலேயே தீர்ந்துவிட்டது. ராமதாஸிடம் சொல்லி இன்னும் அனுப்பச் சொல்.

நான் மார்ஜினில் எழுத மாட்டேன் என்று வீம்பு பிடித்தேனே, அதற்கு உன் மேல் இருந்த எரிச்சல் எல்லாம் போயிற்று. நீ சொன்ன சங்கதி நல்ல சங்கதிதான்.

அண்ணி


நெல்லித்தோப்பு
11 ஜூலை 2007

பூர்ணிமா,

சாமிக்கண்ணுவை நேற்று வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கையைத் தூக்க முடியவில்லை. நாடித் துடிப்பு விழுந்துகொண்டே போகிறது என்று டாக்டர் ஓடிவந்து அவசரமாக டயாலிசிஸில் போட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிப்போயிருக்கிறது. பிழைத்துக்கொண்டார். நாங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்தோம், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தோம்.

என்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் கேட்டதும் அன்னக்கிளி கூடையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். உருளைக்கிழங்கு காரக்குழம்பு.

'கெழங்கு வெந்த தண்ணிய என்னம்மா பண்ணீங்க?'

'கொழம்புலதான் ஊத்தினேன். சத்து போயிடும்ல.'

காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவள் நான். காயிலிருக்கும் பொட்டாசியம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும், இந்த நோயாளிகளுக்கு மட்டும் அதுதான் விஷம், கொட்டியே ஆக வேண்டும். அதைக் கொட்டினேன் என்று எழுதியிருந்தேனே என்று அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தால், இல்லை. வேகவிடவும், அப்புறம் புளிக்கரைசல். நடுவில் ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எங்கெல்லாம் நான் ஜாக்கிரதை சொன்னேனோ அங்கெல்லாம் அறுத்திருக்கிறாய்.

என் பெயர் அட்டையில் இருக்கிறது. உன் கம்ப்யூட்டர் பெயர் இல்லை. அன்னக்கிளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, 'நான் ஏதோ தப்பா படிச்சிட்டேன் போல டீச்சர்' என்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். என்ன சொல்வதாக இருந்தாலும் எழுது.

சொர்ணம்


பெங்களூர்
15 ஜூலை 2007

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். மார்ஜினில் எழுதுங்கள் என்று கேட்டேன், மாட்டேன் என்றீர்கள். சின்னதை வரிவரியாகப் படியுங்கள் என்றேன், புரட்டிப் பார்த்துச் 'சரி' என்று கையெழுத்துப் போட்டீர்கள். அந்தத் தாள் அபியிடம் இருக்கிறது. அதை உங்களுக்கு அனுப்பி வைக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு கோப்பைத் திறந்தேன். கதை என்று குறி போட்டதை மட்டும் தனியாக எடு என்றேன். ஒரே நிமிஷத்தில் எல்லாக் கதையும் வரிசையாக வந்து நின்றது. சமையல் இல்லாமல், பொருள் இல்லாமல், கதையை மட்டும் ஒரே மூச்சில் படித்தேன். 'செம்பருத்திச் செடி கேட்டுச்சு.' 'இளநீரைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்றேன்.' 'வாழைப்பழம் காக்காய் கொத்திவிட்டது என்றேன்.' அண்ணி, ஒன்றுகூடக் கதை இல்லை. டாக்டர் தாளில் இருந்த அத்தனை கூடாதும் இதற்குள் இருக்கிறது.

அம்மா 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்றால் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினவள் நான். அந்த வீட்டில் பிறந்துவிட்டு, செம்பருத்தி கேட்டது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? நீங்கள் கடிதத்திலேயே சொல்லியும் இருந்தீர்கள். சிரித்துக்கொண்டே கதை என்று போட்டேன். வெள்ளைக்காரன் புத்தகத்தில் எச்சரிக்கை என்றால் தலைப்போடு கட்டம் கட்டி வரும். அந்தப் பழக்கத்தில் உங்களைப் படித்துவிட்டேன். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

நடந்தது இது. ராமதாஸ் சார் போனில், 'ஒரு சீட்டு அடிச்சு உள்ள ஒட்டிடலாம்மா' என்றார். எந்தப் பக்கத்தில் ஒட்டுவது, கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலும் ஒட்ட வேண்டும் என்று சொல்லி அபி மூலமாகப் பட்டியலைக் காட்டினேன். மனுஷன் முகம் வெளுத்துவிட்டதாக அபி சொன்னாள். கடைகளிலிருந்து சின்னதைத் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் நீங்கள் கொடுத்ததை நீங்களும் அண்ணனும்தான் திரும்ப வாங்க வேண்டும். ஒன்றுகூட வெளியே இருக்கலாகாது.

கோப்பில் ஐந்தாவதாக ஒரு வகை சேர்த்திருக்கிறேன், எச்சரிக்கை. எந்தப் புத்தகத்திலும் அதை விட முடியாதபடி கட்டிவிட்டேன். எச்சரிக்கை இல்லாமல் ஒரு சமையல் உள்ளே வந்தால் பக்கமே கட்டாது, வேலை அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் அதற்குள் என்ன எழுதுவது என்பது என் வேலை இல்லை. நான் எழுதினால் மறுபடி தப்பாகும். நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதி டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். செம்பருத்தி, காக்காய் எதுவும் வேண்டாம் அண்ணி. இந்தத் தண்ணீரைக் கொட்டு, குழம்பில் ஊற்றக் கூடாது. அப்படி.

உங்களால் அந்த வார்த்தையை எழுத முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். சின்னப் புத்தகத்தை அடியோடு நிறுத்திவிடலாம்.

பூர்ணிமா


நெல்லித்தோப்பு
6 ஆகஸ்ட் 2007

பூர்ணி,

நிறுத்திவிடலாம் என்றுதான் நானும் முதலில் எழுதினேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை.

புத்தகங்களைத் திரும்ப வாங்க உன் அண்ணனும் நானும் கட்டில் கட்டிலாகப் போனோம். கொடுக்கும்போது தலையை நிமிர்த்திக் கொடுத்த மனுஷன், வாங்கும்போது, 'இதுல ஒரு தப்பு இருக்கு, என் தங்கச்சியும் சம்சாரமும் சேந்து பண்ணது' என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னார். கோரிமேட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு அம்மா மட்டும் அந்த வாரம் வரவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கே போய் வாங்கி வந்தோம். ஒன்றும் வெளியே இல்லை.

பிறகு வீராம்பட்டினம் போனேன். சாமிக்கண்ணு வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருக்கிறது. அன்னக்கிளிக்குப் பெரிய புத்தகத்தில் அந்தப் பத்தியை எடுத்துக் காட்டினேன். படித்தாள். ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படித்தாள்.

'நல்லாத்தான் இருக்குது டீச்சர். ஆனா இத படிச்சிருந்தாக்கூட எங்க வூட்ல செம்பருத்தி இல்லியேன்னு கொழம்புலதான் ஊத்தியிருப்பேன். ஊத்தாதடின்னு ஒரு வார்த்த எழுதக் கூடாதா?'

நீ அறுத்ததால்தான் அந்த மனுஷன் விழுந்தார் என்று உன்னை ஏசினேன். நீ அறுக்காமல் விட்டிருந்தாலும் விழுந்திருப்பார். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது. மார்ஜினில் நீ கேட்டபடி பத்திக்குப் பத்தி பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சமையலுக்கும் எச்சரிக்கை எழுதியாயிற்று. டாக்டர் பார்த்து மூன்று இடத்தில் திருத்தினார். எழுதியதை அன்னக்கிளியிடம் படித்துக் காட்டினேன், புரிகிறது என்றாள். கூடாது, கூடாது, கூடாது. எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

கடைசித் தாளில் ஒரு பத்தி இருக்கும். அதற்கு மட்டும் மார்ஜினில் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று நடந்தது.

'முருங்கைக்கீரை ஒரு கரண்டிதான் இவருக்கு. இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினார். வழக்கம்போல, உங்களுக்கு அப்பளம் சுட்டு வைத்திருக்கிறேன் என்று பேச்சை மாற்ற வாய் வந்தது. மாற்றவில்லை. வேணாம், இதுக்கு மேல கூடாது என்றேன். தட்டை இழுத்துக்கொண்டார். நாலு வருஷத்துல இப்பதான் சொல்ற என்றார். உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லல என்றேன். நான் போயிடுவேன்னு டாக்டர் உன்கிட்ட தனியா சொல்லிட்டார்னு நெனச்சேன், அதான் எதுவுமே மறுக்காம பூசிப் பூசிப் பேசறன்னு தெனம் பயந்துகிட்டேதான் சாப்புட்டேன் என்றார். பிறகு மோர் கேட்டார். அளந்து ஊற்றினேன்.'

இது எந்த வகை என்று நீயே போட்டுக்கொள்.

அண்ணி


பெங்களூர்
13 ஆகஸ்ட் 2007

அண்ணிக்கு,

எல்லாம் உள்ளே ஏற்றியாயிற்று. ஒரு இடத்திலும் வேலை நிற்கவில்லை. பெரியதையும் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன், இரண்டையும் அபி இந்த வாரம் புதிதாகப் பக்கம் கட்டிவிடுவாள். சின்னதன் புரூஃபை இந்தத் தடவை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அன்னக்கிளியையும் வரச் சொல்லுங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம்.

உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். கதை என்று குறி போட்டால் சின்னப் புத்தகத்தில் வராது. எச்சரிக்கை என்று போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் வரும், சமைக்கிறவர்கள் படிக்கட்டும்.

அண்ணனிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவருக்கு விருப்பம் இல்லை என்றால், அபியிடம் சுற்றி வளைக்காமல் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், எடுத்துவிடுகிறேன்.

பூர்ணிமா